தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் ஜட்ஜ்

ஜூன் 2

அக்கா,

நலமா என்று கேட்டால், 'நலமா இருந்தா உனக்கென்ன, இல்லாட்டி உனக்கென்ன' என்பாய். அதனால் அந்த வரியை விட்டுவிட்டேன். போனில் பேசாமல் கடிதம் எழுதுகிற காரணம் உனக்கே தெரியும். நாம் இருவரும் போனில் பேசினால் அக்கம்பக்கத்தில் டிவியை அணைத்துவிட்டுக் கேட்கிறார்கள். காகிதத்தில் கத்த முடியாது. முயற்சி செய்து பார்த்தேன், பேனா முனைதான் உடைந்தது.

வீட்டுக்காரர் இந்த வீட்டை இடிக்கப்போகிறார். மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார். எனக்கு வேலை பார்க்கிற கண்ணாடிக் கடைக்கு மேலேயே ஓர் அறை கிடைத்திருக்கிறது. பகலெல்லாம் லென்ஸ் தேய்த்துவிட்டு, படியேறிப் போய்ப் படுத்துக்கொள்ளலாம். அது பிரச்சினை இல்லை. பிரச்சினை ஜட்ஜ்.

ஜட்ஜை உனக்குத் தெரியாது. நீ வீட்டைவிட்டுப் போன பிறகு வந்தது. அம்மா வாயில்லா ஜீவன்களுக்கு உத்தியோகம் கொடுத்துப் பேர் வைப்பாளே, ஞாபகம் இருக்கிறதா? துணியைக் காலால் பிசைந்துகொண்டே இருந்த பூனைக்கு டைப்பிஸ்ட் என்று பேர் வைத்தாள். இது நாய். கறுப்பு. காதோரம் நரை. யாரோடும் ஒட்டாமல் தள்ளி உட்கார்ந்துகொண்டு, எல்லோருக்கும் தண்டனை எழுதப்போகிற மாதிரி பார்க்கும். யாரோ எப்போதோ கொதிக்கிற தண்ணீரை ஊற்றியிருக்கிறார்கள், முதுகில் ஒரு பக்கம் முடியே இல்லை. வீட்டுக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில்தான் குடியிருப்பு. பின்னங்காலில் ஆறாத புண் ஒன்று. அம்மா தினமும் மருந்து போட்டுக் கட்டிவிடுவாள். அம்மா போன பிறகு அதன் பக்கத்தில் ஒருவராலும் போக முடியவில்லை. நான் தட்டை வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினால்தான் சாப்பிட வரும். புண்ணில் ஈ மொய்க்கிறது.

போன வாரம் வீட்டுக்காரரின் மாப்பிள்ளை வீட்டை அளந்து பார்க்க வந்தார். அளவெடுக்க வந்தவரின் பேன்ட்டை ஜட்ஜ் அளவெடுத்துவிட்டது. வீட்டுக்காரர் குதித்தார். "மாசம் முடியறவரைக்கும் பொறுத்துக்கறேன். அதுக்கப்புறமும் அது இங்க கெடந்தா நாய் பிடிக்கிற வண்டிக்குச் சொல்லிடுவேன், என்னைக் குத்தம் சொல்லாதே" என்று சொல்லிவிட்டார். கடிக்கிற நாய் அந்த வண்டியில் ஏறினால் திரும்பி வராது.

அம்மா வளர்த்த மற்ற ஜீவன்களுக்கெல்லாம் வீடு பார்த்துக் கொடுத்துவிட்டேன். இது ஒன்றுதான் பாக்கி. அம்மா கடைசியில் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதுகூட, "ஜட்ஜ் சாப்பிட்டதா?" என்றுதான் கேட்டாள். நான் சாப்பிட்டேனா என்று கேட்கவில்லை. பரவாயில்லை, பழகிவிட்டது.

நான் கேட்பது ஒன்றுதான். மிரண்ட மிருகத்தை அம்மா எப்படித் தொடுவாள்? சின்ன வயதில் அம்மாவின் வாலைப் பிடித்துக்கொண்டே திரிந்தவள் நீ. முடி பட்டால் தும்முகிறேன் என்று என்னை எப்போதும் வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தார்கள். எனக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்தால் எழுது.

தம்பி


ஜூன் 6

டேய் தும்மல்,

அம்மா போய் எட்டு மாதம் கழித்து ஒரு கடிதம் போட்டிருக்கிறாய். அதிலும் நாய்க்காக. நம் வீட்டு வழக்கம் மாறவே இல்லை, சந்தோஷம்.

எனக்கும் தெரியாது. மிரண்ட ஜந்து எது வந்தாலும் அம்மா உன்னையும் என்னையும் சேர்த்துத்தானே உள்ளே தள்ளுவாள்? உதட்டில் விரலை வைத்துக் காட்டிவிட்டுப் பின்கதவைச் சாத்திவிடுவாள். கொஞ்ச நேரம் கழித்துக் கதவைத் திறந்தால் அந்த ஜந்து அவள் மடியில் கிடக்கும். நடுவில் என்ன நடந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்? பழகிப்போனவற்றுக்குத் தண்ணீர் வைத்ததும் கழுவிவிட்டதும்தான் என் வேலை.

அவள் குழந்தைகள் வார்டில் ஆயாவாக இருந்தபோது அங்கேயும் அதே கதைதான் என்பார்கள். ஊசி போட விடாமல் அலறுகிற குழந்தையை நர்ஸ்கள் இவளிடம்தான் தூக்கிக்கொண்டு வருவார்களாம். என்ன செய்தாள் என்று யாருக்கும் தெரியாது.

அம்மா போன அன்றைக்கு நடந்ததை நான் மறக்கவில்லை. வாசல் முழுக்க ஆட்கள். அந்த மேஸ்திரி, அத்தனை பெரிய உடம்பு, குழந்தை மாதிரி தேம்பித் தேம்பி அழுதார். முன்னே பின்னே பார்க்காத ஒரு பெண் என்னிடம் வந்து, "நீங்க அம்மாவுக்கு என்ன வேணும்?" என்று கேட்டாள். "பொண்ணு" என்றேன். "எந்தப் பொண்ணு?" என்றாள். அங்கே நின்ற அத்தனை பேரும் அவளை அம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். நான் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி. உன்னிடம் வந்து சொன்னால், நீ என்ன சொன்னாய்? "அடிக்கடி வந்திருந்தா தெரிஞ்சிருக்கும்." நல்ல வார்த்தை. அன்று சாயங்காலமே வண்டி ஏறினேன். இன்னும் அந்த வார்த்தை தொண்டையில்தான் நிற்கிறது.

இங்கே எனக்கு மூச்சுவிட நேரமில்லை. எக்ஸ்ரே அறையில் காலையிலிருந்து 'மூச்சை இழுங்க, பிடிங்க, அசையாதீங்க' என்று சொல்லிச் சொல்லி, வீட்டுக்கு வந்தும் பால் குக்கரைப் பார்த்து அதையே சொல்கிறேன். கூட வேலை பார்க்கிறவள் அடம்பிடிக்கிற குழந்தைகளையெல்லாம் என் தலையில் கட்டிவிடுகிறாள். "உன்கிட்ட வசியம் இருக்கு" என்கிறாள். இருந்திருந்தால் முதலில் என் வீட்டிலேயே பயன்படுத்தியிருப்பேன்.

நாய்க்கு டாக்டரைக் கூப்பிடு. மயக்க ஊசி போட்டுப் பிடிப்பார்கள்.

அக்கா


ஜூன் 10

அக்கா,

டாக்டரைக் கேட்டேன். கிழட்டு நாய், மெலிந்து கிடக்கிறது, அந்த ஊசியைத் தாங்காது என்கிறார். கயிறு கட்டுகிற அளவுக்கு நீங்களே பழக்கிக் கொண்டுவாருங்கள், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்கிறார்.

அதனால் அம்மாவைத் தெரிந்தவர்களையெல்லாம் ஒவ்வொருவராகப் போய்க் கேட்டேன். கேட்டதில் எனக்குத் தலை சுற்றிவிட்டது.

மருந்துக்கடைக்காரர் சொன்னார்: "உங்கம்மா அதட்டித்தான் சார் வழிக்குக் கொண்டுவருவாங்க. எனக்கு சர்க்கரை ஏறினப்ப, கடை வாசல்ல நின்னு என்னையே அந்தத் திட்டு திட்டினாங்க. காது கூசும். அன்னைக்கு விட்டதுதான் இனிப்பு." அம்மாவா? நம்மை ஒரு நாள் 'சனியனே' என்றுகூடச் சொன்னதில்லையே! சரி என்று போய் ஜட்ஜை அதட்டினேன். அது இன்னும் உள்ளே போய்விட்டது.

பால்காரர் சொன்னார்: "விசில் அடிப்பாங்க தம்பி. ரெண்டு விரலை வாயில வெச்சு அடிச்சா தெருக்கோடி வரைக்கும் கேக்கும்." அம்மா விசில் அடித்து நீ கேட்டிருக்கிறாயா? நானும் அடித்தேன். தெருவிலிருந்து நான்கைந்து நாய்கள் சந்தோஷமாக ஓடிவந்தன. வீட்டுக்காரரும் வந்தார். ஜட்ஜ் மட்டும் வரவில்லை.

மேஸ்திரி சொன்னது வேறு. "அம்மா பேசவே மாட்டாங்க. என் சம்சாரம் தவறினப்ப வீட்டுக்கு வந்தாங்க. ஆறுதல்னு ஒரு வார்த்தை இல்ல. அடுப்படியில உக்காந்து கெடந்த பாத்திரத்தையெல்லாம் தேச்சாங்க. என் பக்கம் திரும்பிக்கூடப் பாக்கல. ஆனா அன்னைக்குத்தான் எனக்கு அழுகையே வந்துச்சு" என்றார். சொல்லிவிட்டு மறுபடி அழுதார். அவரைத் தேற்றி அனுப்புவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

கடைசியாகப் பக்கத்து மாடி டீச்சர். அவர் பால்கனியிலிருந்து நம் வீட்டுப் பின்பக்கம் முழுக்கத் தெரியும். இவருக்காவது தெரியும் என்று போனேன். அவர் சொன்னதுதான் என்னை என்னவோ செய்துவிட்டது. "நாயை எப்படிப் பிடிச்சாங்கன்னு நான் கவனிக்கலப்பா. ஆனா உங்கம்மா சாயங்காலமானா தனியா செவுத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பாங்க. ஏதோ முணுமுணுன்னு பாட்டு மாதிரி. ரொம்ப நேரம் அசைய மாட்டாங்க. பாவம், மனசுல என்ன கஷ்டமோன்னு நெனச்சுப்பேன். கேக்கறதுக்கும் சங்கடமா இருந்துச்சு."

அந்த நேரமெல்லாம் நான் வீட்டுக்குள்ளேதான் இருந்தேன் அக்கா. சாத்தின கதவுக்கு இந்தப் பக்கம் டிவி பார்த்துக்கொண்டு. அம்மா தனியாகச் சுவரைப் பார்த்து அழுதாளா? எதற்கு? என்னாலா? உன்னாலா? திட்டுகிற அம்மா, விசிலடிக்கிற அம்மா, பேசாத அம்மா, சுவரோடு உட்கார்ந்த அம்மா. நான் ஒரே வீட்டில் யாருடன் இருந்தேன்? இதில் எது நம் அம்மா?

பாடியும் பார்த்தேன். ஜட்ஜ் எழுந்து, திரும்பிப் படுத்துக்கொண்டது. மேல்முறையீடு கிடையாது.

உன்னிடம் ரொம்ப நாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்டுவிடுகிறேன். அன்றைக்கு நீ ஏன் வீட்டைவிட்டுப் போனாய்? ஒரு கட்டிலுக்காகவா?

தம்பி


ஜூன் 14

தும்மல்,

கேட்டுவிட்டாய். எழுதுகிறேன். எழுதிய பிறகு இதைப் பற்றிப் பேசக்கூடாது.

ஆமாம், கட்டிலுக்காகத்தான். உனக்குச் சிரிப்பாக இருக்கும். நீ அப்போது அரை டிரவுசர். எனக்குப் பரீட்சை நடந்துகொண்டிருந்தது. வார்டில் ஒரு குழந்தை படுத்திருந்தது, அதன் தாய்க்குத் தங்க இடமில்லை என்று அம்மா கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். என் கட்டிலைக் கொடுத்தாள். என் மேஜையில் அந்தப் பெண்ணின் மருந்து. என் புத்தகங்கள் தரையில், அதன் மேல் டைப்பிஸ்ட். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்கு முன்னால் என் கம்பளி, என் குடை, என் டிபன் டப்பா, எல்லாமே யாருக்காவது போயிருக்கின்றன. அன்றைக்குப் பொங்கிவிட்டேன். "இந்த வீட்டுல நாலு கால் இருந்தாத்தான் மரியாதை. இல்லாட்டி நோயாளியா இருக்கணும். பெத்த பொண்ணா இருந்தா ஒண்ணுமில்ல. நான் போறேன்" என்றேன்.

பையை எடுத்துக்கொண்டு வாசல் கேட் வரைக்கும் வந்தேன். எனக்குத் தெரியும், போகமாட்டேன் என்று. எங்கே போவது? பின்னாலேயே வருவாள், கையைப் பிடித்து இழுப்பாள், ரெண்டு திட்டு திட்டுவாள், நான் அழுதுகொண்டே உள்ளே போவேன். அப்படித்தான் நினைத்தேன். வந்தாள். கையில் அந்தக் குட்டை முக்காலி. முற்றத்தின் நடுவில் அதைப் போட்டாள். எனக்கு முதுகைக் காட்டி, வீட்டைப் பார்த்து உட்கார்ந்தாள். ஒரு கையைப் பின்பக்கம் விட்டு விரித்து வைத்துக்கொண்டு, காற்று வாங்குகிறவள் மாதிரி சாவகாசமாக உட்கார்ந்தாள். வெறும் கை. உனக்குக் கொடுக்க என்னிடம் ஒன்றுமில்லை போ என்று சொல்கிற மாதிரி இருந்தது.

நின்றேன். திரும்பிப் பார்ப்பாள், பார்ப்பாள் என்று நின்றேன். கேட் கம்பியைப் பிடித்த கை சூடாகிவிட்டது. 'அடியே' என்று ஒரு சத்தம் போட்டிருந்தால் போதும். அவள் அசையவில்லை. அதற்குப் பிறகுதான் போனேன். தோழி வீட்டிலிருந்து பரீட்சை எழுதி, ஹாஸ்டலில் சேர்ந்து, வேலை கிடைத்து, இத்தனை தூரம் வந்துவிட்டேன். பிறகு வீட்டுக்கு வந்தேன், போனேன். விருந்தாளி மாதிரி. அவளும் அந்த நாளைப் பற்றி ஒரு நாளும் வாயைத் திறக்கவில்லை. நானாக வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று நானும் திறக்கவில்லை.

ஊருக்கெல்லாம் முகம் காட்டினாள். எனக்கு முதுகுதான். நீ வந்து என்னிடம் 'எது நம் அம்மா' என்று கேட்கிறாய்.

ஜட்ஜை விட்டுவிடு. எல்லாவற்றையும் காப்பாற்ற முடியாது.

அக்கா


ஜூன் 18

அக்கா,

பேசக்கூடாது என்றாய். பேசித்தான் ஆகவேண்டும். மன்னித்துக்கொள். என்ன எழுதுகிறேன் என்று எனக்கே சரியாகப் புரியவில்லை, நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

உன் கடிதம் நேற்றுக் காலையில் வந்தது. பிரித்துப் படித்தேன். சாமான்களையெல்லாம் கட்டி அடுக்கியாயிற்று, உட்கார அந்த முக்காலி ஒன்றுதான் வெளியில் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனேன். ஜட்ஜுக்கு வைக்கலாம் என்று ரொட்டித் துண்டு ஒன்று கையில். தட்டில் போடக்கூடத் தோன்றவில்லை. மாடியில் டீச்சர் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். அழுகிற முகத்தை யாருக்கும் காட்டப் பிடிக்கவில்லை. தொட்டிக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டேன். உன் கடிதத்தை மறுபடி படித்தேன். ரொட்டி பிடித்த கை பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது. அது என் ஞாபகத்திலேயே இல்லை.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. உள்ளங்கையில் ஏதோ ஈரமாகப் பட்டது. மூக்கு. அக்கா, எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டேன், நீ உன் அறையில் சொல்வாயே அப்படி. ரொட்டி போய்விட்டது. மூக்கு போகவில்லை. அப்புறம் என் முதுகில் ஒரு பாரம். ஜட்ஜ் சாய்ந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறது!

தும்மல் வந்துவிட்டது. எவ்வளவோ அடக்கினேன். வெடித்தது. ஜட்ஜ் தொட்டிக்கு அடியில் பாய்ந்தது. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். ஆனால் திரும்பவில்லை. கையையும் எடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் மறுபடி வந்து சாய்ந்தது.

மாடியிலிருந்து டீச்சர் குரல் கொடுத்தார், மெதுவாக: "உங்கம்மாவும் இதே மாதிரிதான்பா உக்காந்திருப்பாங்க. இதே முக்காலி. கையை இப்படியே பின்னாடி வெச்சுக்கிட்டு. நான் யார் மேலயோ கோவம்னு நெனச்சேன். நாய்க்காகவா அது?"

அதைக் கேட்டதும் எனக்குக் காது அடைத்த மாதிரி ஆகிவிட்டது. ஏனென்றால் உன்னிடம் நான் இதுவரை சொல்லாத ஒன்று இருக்கிறது.

நீ போன அன்றைக்கு நான் முன் ஜன்னலில் நின்றுகொண்டிருந்தேன். உனக்கு அம்மாவின் முதுகு தெரிந்தது. எனக்கு முகம் தெரிந்தது. நீ கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பதும் தெரிந்தது. 'அக்கா, போகாதே' என்று கத்த வாயைத் திறந்தேன். அம்மா என்னைப் பார்த்துவிட்டாள். உதட்டில் விரலை வைத்தாள். சத்தம் போடாதே என்று. கண்ணெல்லாம் தண்ணீர், ஆனால் விரலை எடுக்கவே இல்லை. நான் வாயை மூடிக்கொண்டேன். நீ போய்விட்டாய். கேட் சத்தம் கேட்ட பிறகும் அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். இருட்டிய பிறகு நான் போய்க் கையைப் பிடித்துத்தான் உள்ளே கூட்டிவந்தேன்.

அம்மா ஏன் என்னைக் கூப்பிட விடவில்லை என்று இத்தனை வருஷமாக எனக்குப் புரியவில்லை. நீ போகட்டும் என்றுதான் நினைத்தாள் போலிருக்கிறது என்று எண்ணினேன். அதைச் சொன்னால் நீ இன்னும் உடைந்துபோவாய் என்று சொல்லவில்லை. இப்போது வேறு மாதிரி தோன்றுகிறது. பின்கதவைச் சாத்தும்போதும் அவள் இப்படித்தானே விரலை வைப்பாள்? சத்தம் கேட்டால் ஓடிவிடும் என்று?

எனக்குக் குழப்பமாக இருக்கிறது. நீ என்ன நினைக்கிறாய்?

தம்பி


ஜூன் 22

தம்பி,

உன் கடிதத்தை உடைமாற்றுகிற அறையில் நின்றபடி படித்தேன். பிறகு மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். வேறு என்ன செய்வது?

முதல் கேஸே ஒரு பெண் குழந்தை. முழங்கை உடைந்திருக்கிறது. மேஜையில் ஏறமாட்டேன் என்று கதவு மூலையில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. அப்பா அதட்டுகிறார், அம்மா கெஞ்சுகிறாள். நான் இருவரையும் வெளியே அனுப்பிவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு, குழந்தைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து அலமாரியைக் குடைய ஆரம்பித்தேன். எப்போதும் செய்வதுதான். ஒரு கை பின்னால் கிடந்தது. கொஞ்ச நேரத்தில் அதற்குள் ஒரு சின்ன விரல் வந்தது.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இதை எனக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? எந்தப் பாடத்திலும் இல்லை. இத்தனை வருஷமாகச் செய்கிறேன், வசியம் என்று கேலி செய்கிறார்கள், நானும் சிரிக்கிறேன். எங்கிருந்து வந்தது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. குழந்தைக்குப் படம் எடுத்துவிட்டு, குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். வெளியே ஆட்கள் தட்டுகிறார்கள்.

அழுது முடித்ததும் கோபம் வந்தது. ஆமாம், கோபம்தான். எல்லோரையும் பார்த்தவுடன் கணிப்பாளே. மருந்துக்கடைக்காரரைத் திட்டவேண்டும், மேஸ்திரிக்குப் பாத்திரம் தேய்க்கவேண்டும் என்றெல்லாம் தெரிந்தவளுக்கு, பெற்ற பெண்ணைத் தெரியவில்லையா? நான் மிரண்டா நின்றேன்? கோபத்தில் நின்றேன். நான், கூப்பிட்டால் வருகிற ரகம். ஒரு சத்தம், ஒரே ஒரு சத்தம் போட்டிருந்தால் ஓடிவந்திருப்பேன். அவள் என்னடாவென்றால் மூச்சுகூட விடாமல் உட்கார்ந்திருக்கிறாள், நான் வந்து சாய்வேன் என்று. நானோ கேட்டில் நிற்கிறேன், அவள் திரும்புவாள் என்று. நடுவில் எத்தனை தூரம் இருந்திருக்கும்? நம் முற்றம் என்ன பெரிய மைதானமா?

அப்புறம் அந்தக் கை. வெறும் கை என்று எழுதினேன் அல்லவா? ஜட்ஜுக்கு ரொட்டி வைத்திருப்பாள். எனக்கு ஏன் ஒன்றும் வைக்கவில்லை? என் கையை வைக்கத்தான் காலியாக வைத்திருந்தாளோ?  உண்மையா, நான் இப்போது ஆசைப்பட்டுக் கட்டிக்கொள்கிற கதையா என்றும் தெரியவில்லை. ஒருவேளை அவளுக்கும் அன்றைக்கு வெறும் கோபம்தானோ? அல்லது நான் உண்மையிலேயே மிரண்டுதான் போயிருந்தேனோ, அது எனக்குத் தெரியாமல் அவளுக்குத் தெரிந்ததோ? யாரைக் கேட்பது? கேட்கவேண்டியவள் இல்லை.

சரி. காரியத்தைப் பார்ப்போம். கடைக்கு மேலே அறையில் நாயை வைக்க விடுவார்களா? விடமாட்டார்கள். வைத்தாலும் நீ தும்மியே செத்துவிடுவாய். என் குவார்ட்டர்ஸ் தரைத்தளம். பின்னால் சுற்றுச்சுவரோடு இடம் இருக்கிறது. தொட்டிகூட இருக்கிறது, அதற்கு அடியில் படுக்கலாம். வந்து கூட்டிப்போக மாதக் கடைசிக்குள் லீவு கிடைக்கும் என்று நினைக்கிறேன்.

ஆனால் ஒன்று. நான் வரட்டுமா என்று கேட்கமாட்டேன். அந்த வீட்டு வாசலில் நின்று காத்திருந்தது ஒரு தடவை போதும். நீ என்ன நினைக்கிறாய் என்று எனக்குத் தெரியாது. அம்மா போன அன்றைக்கு நீ சொன்னதும் இன்னும் இருக்கிறது.

அக்கா


ஜூன் 25

அக்கா,

ஜட்ஜுக்குக் கயிறு கட்டியாயிற்று. முதுகைக் காட்டிக்கொண்டே, கையைப் பின்னால் விட்டே கட்டினேன். மூன்று முடிச்சு என் சட்டையோடு சேர்ந்து விழுந்துவிட்டது, டீச்சர் வந்துதான் அவிழ்த்துவிட்டார். டாக்டர் புண்ணைக் கழுவிக் கட்டியிருக்கிறார். ஆறிவிடும் என்கிறார். வீட்டுக்காரர் எட்ட நின்று பார்த்துவிட்டு, "உங்கம்மா கைராசி உனக்கும் இருக்குடா" என்றார். என் மூக்கு தக்காளி மாதிரி இருக்கிறது. கைராசியை யார் பார்த்தார்கள்?

அம்மா போன அன்றைக்கு நான் சொன்னது அழுகையில் வந்தது. அதில் உண்மை இல்லை என்று சொல்லமாட்டேன். நீ வராமல் போனது எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் அதை 'வா' என்று சொல்லியிருக்கவேண்டும். குத்திக் காட்டியிருக்கக்கூடாது. நம் வீட்டில் யாருக்குத்தான் நேராகச் சொல்ல வந்தது?

அம்மா என்ன நினைத்தாள் என்று நானும் யோசித்துப் பார்த்தேன். தெரியவில்லை. இனிமேல் தெரியப்போவதும் இல்லை. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அன்றைக்கு நான் ஜன்னலில் வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. அது இன்னும் உள்ளேயே இருக்கிறது.

இன்று காலை முற்றத்தில் நின்றேன். முக்காலியை ஓரமாகத் தள்ளிவைத்தேன். வாசல் கேட்டைப் பார்த்துத் திரும்பி நின்று, நெஞ்சு வலிக்கக் கத்தினேன். தெருவில் போனவர் சைக்கிளை நிறுத்திவிட்டார். டீச்சர் பால்கனிக்கு ஓடிவந்தார். ஜட்ஜ் மிரண்டு, கயிற்றை இழுத்துக்கொண்டு தொட்டிக்கு அடியில் போய்விட்டது. போகட்டும், சமாதானப்படுத்திக்கொள்ளலாம்.

உனக்கு அங்கே கேட்டிருக்காது. அதனால் இங்கே எழுதுகிறேன். நான் கத்தியது இதுதான்:

அக்கா, வா.

தம்பி